மெயிலக்காவின் கோப்பை வரிசை

“வந்துச்சா அண்ணி?”

போனின் மறுமுனையில், மெயிலக்காவின் நாத்தனார் வங்கிக் கவுன்டரில் இருக்கிறார். எதிரே வரிசை நிற்கிறது. “இருடி, பாக்கறேன். ம்ஹூம், வரலை.”

“ஸ்பாம்ல பாருங்க.”

“அங்கயும் இல்ல.”

“கீழ இழுத்து விடுங்க, புதுசா ஏறும்.”

“இழுத்தாச்சு. ஆங், வந்துடுச்சு. என்னடி இது, ‘சோதனை, இன்று வெயில் அதிகம்’னு எழுதியிருக்க? உன் வாயில வேற வார்த்தையே வராதா? சாப்ட்டீங்களா அண்ணின்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?”

“சாப்ட்டீங்களா அண்ணி? எங்க வந்துச்சு, முன்னாடியா, ஸ்பாம்லயா?”

முன்னாடிதான் என்று உறுதியானதும் போனை வைத்துவிட்டு மெயிலக்கா அடுத்த எண்ணை அழுத்துகிறார். அது கணவருடையது. அவர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். யாரோ ஒருவர் தெருமுனையில் வண்டியைத் திணறத் திணறத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இருக்கையிலிருந்து மனைவியின் மெயில் வந்ததா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“வந்துச்சா?”

“வந்துச்சு, வந்துச்சு. பிரேக்! பிரேக்கை அழுத்துங்க!”

“என்னது?”

“உன்னைச் சொல்லலம்மா. உனக்கு ஏது பிரேக்கு.”

நாத்தனார் வைத்திருப்பது ஒரு நிறுவனத்தின் மெயில், கணவர் வைத்திருப்பது இன்னொன்று. தம்பிக்கு அவன் அலுவலகம் கொடுத்த மெயில். அதன் வாயிற்காவல் கெடுபிடியானது. இந்த மூன்று வாசல்களிலும் நுழைந்துவிட்டால் ஒரு மெயில் உலகத்தில் எங்கும் நுழைந்துவிடும் என்பது மெயிலக்காவின் கணக்கு. குடும்பத்துக்குப் புதிதாக மருமகளோ மருமகனோ வந்தால் மற்றவர்கள் படிப்பையும் வேலையையும் விசாரிப்பார்கள். இவர் விசாரிப்பது ஒன்றைத்தான்: “நீங்க எந்த மெயில் வெச்சிருக்கீங்க?”

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒற்றை ஆள் ஏறும் படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது அவருடைய அறை. இரண்டு மேசை, மூன்று நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கடையின் விளம்பரப் பலகை. அதில் வரைந்த பெரிய கண்ணின் மேல் இமை மட்டும் அறைக்குள்ளிருந்து தெரியும். சிறு நிறுவனங்களுக்குத் தங்கள் பெயரிலேயே மெயில் முகவரி வேண்டியிருக்கிறது. இலவச முகவரியிலிருந்து விலை சொன்னால் பெரிய இடங்களில் மதிக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் மெயிலைக் குடிவைக்க நம்பகமான ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, குடியேற்றி, பிறகு எது நின்றாலும் திட்டு வாங்குவது மெயிலக்காவின் தொழில்.

“கரன்டுக்காரன், தண்ணிக்காரன், நான். நாங்க மூணு பேரும் ஒரு சாதி சார்,” என்பார். “நல்லா ஓடுதும்மான்னு சொல்ல இதுவரைக்கும் ஒருத்தர் போன் பண்ணதில்ல. போன் அடிச்சாலே திட்டுதான்.”

அறைக்குப் புதிதாக வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது கோப்பைகள். மெயிலுக்கு இடம் கொடுக்கும் நிறுவனங்கள், வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்ப்பவர்களுக்குத் தங்கள் பெயர் அச்சிட்ட கோப்பைகளை அனுப்புவது வழக்கம். மெயிலக்கா அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. பதவியிறக்கம் செய்கிறார். நம்பிக்கைக்குரிய நிறுவனத்தின் கோப்பையில் தேநீர் குடிப்பார். ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் மெயில் நின்றுபோனால், அந்தக் கோப்பை பேனா வைக்கப் போய்விடும். கேட்டதற்குப் பொய் சொன்னால் ஜன்னல் விளிம்பில் மண் நிரப்பிய தொட்டியாகிவிடும். கடைசிப் படி கழிப்பறை. அங்கே தங்க எழுத்தில் பெயர் பொறித்த ஒரு கறுப்புக் கோப்பை, பிரஷ்ஷைத் தாங்கியபடி நிற்கிறது. அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருமுறை அறைக்கு வந்து, கை கழுவப் போய்த் திரும்பியவர், பேச வந்ததைப் பேசாமலே இறங்கிப் போய்விட்டார்.

ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்று சோதிக்க அவரிடம் சொந்த முறை ஒன்று உண்டு. உதவி எண்ணுக்குப் போன் செய்து, ஒன்றும் தெரியாதவர் போல ஒரு கேள்வி கேட்பார். “ஏங்க, மெயில்ல போட்டோ வெச்சு அனுப்பினா மெயில் கனமாயிடுமா?” சிலர் சிரிப்பார்கள். அவர்கள் தோற்றார்கள். சிலர் கேள்வியைக் கேட்காமலே எழுதி வைத்ததை ஒப்பிப்பார்கள். அவர்களும் தோற்றார்கள். தேறியவர்களிடம் தன் சொந்த முகவரி ஒன்றைக் குடிவைத்து, மூன்று மாதம் நாத்தனாரையும் கணவரையும் தம்பியையும் படுத்தி எடுத்த பிறகே ஒரு வாடிக்கையாளரைக் கூட்டிப் போவார். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் ஒப்ப மாட்டார். “பொண்ணு குடுக்கிற மாதிரி சார் இது. பின்னாடி அழறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடணும்.”

அப்படி விசாரித்து அவர் தேர்ந்தெடுத்த நிறுவனம்தான், கடந்த நான்கு வருடங்களாக அவர் தேநீர் குடித்துவந்த கோப்பையின் நிறுவனம். வெள்ளைக் கோப்பை, நீல எழுத்து. அன்று கனம் பற்றிய கேள்விக்கு அங்கிருந்து பதில் சொன்னவருக்கு மூக்கடைத்த குரல். “ஆகும் அக்கா. ரொம்பக் கனமா போனா நாங்களே வாசல்ல நிறுத்திடுவோம். எவ்ளோ பெரிய போட்டோ, சொல்லுங்க.” சிரிக்கவில்லை, ஒப்பிக்கவில்லை. அதன்பின் எந்தப் பருவத்தில் அழைத்தாலும் அதே மூக்கடைப்பு. மெயிலக்கா அவருக்கு ஜலதோஷத் தம்பி என்று பெயர் வைத்தார். முகம் பார்த்ததில்லை. முதல் மணியிலேயே எடுப்பார்; தெரியாததைத் தெரியாது என்பார். கோப்பை வந்து சேர்ந்ததா என்று கேட்க மட்டும் ஒருமுறை தன் சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டார். “அக்கா, அதைக் கம்பி நார் போட்டுத் தேய்ச்சிடாதீங்க. எழுத்து உரிஞ்சிடும். எங்க ஆளுங்க மட்டமான பெயின்ட்ல அடிச்சிருக்காங்க.” அன்றிலிருந்து அந்தக் கோப்பையை விரல் நுனியால்தான் கழுவுவார்.

மெயிலக்காவின் வாடிக்கையாளர்களிலேயே கடினமானவர் வாஷர்காரர். தண்ணீர் பம்புகளுக்குள் வைக்கும் ரப்பர் வளையம் செய்கிற சிறு பட்டறை அவருடையது. வந்தால் அறை முழுக்க ரப்பர் நெடி. அவர் சகலை, சகலையின் நண்பர்கள் என்று பாதி வாடிக்கையாளர்கள் அவர் வாய்வார்த்தையால் வந்தவர்கள். அதனால் அவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாரையும் நம்பாத மனிதர். மெயிலை நீல எழுத்து நிறுவனத்தில் குடியேற்றிய முதல் வாரமே வந்து உட்கார்ந்துகொண்டார்.

“ஏம்மா, எல்லாம் உன் பேர்ல இருக்குன்னு என் சகலை சொல்றான். நாளைக்கு நீ கல்யாணம் காட்சின்னு எங்கயாவது போயிட்டா நான் என்ன பண்றது?”

“சார், எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆச்சு.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன். என் பேர்ல மாத்திக் குடு.”

மாற்றிக் கொடுத்தார். கணக்குக்கு உரியவரின் தொடர்பு முகவரியாக வெளியில் இருக்கும் வேறொரு மெயிலைக் கொடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். வாஷர்காரர் கேட்கவில்லை. “என் கம்பெனி பேர் போட்ட மெயிலைத்தான் போடுவேன். அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்?” வீட்டுச் சாவியை அதே வீட்டின் அலமாரிக்குள் வைத்து, வெளிக்கதவை இழுத்துச் சாத்துகிற காரியம் அது. கதவு சாத்தாதவரை தெரியாது. மெயில் முகவரியின் பின்பாதியாக வரும் நிறுவனத்தின் பெயரைப் பதிந்து வைக்கும் இடம் தனி, மெயில் குடியிருக்கும் இடம் தனி என்று மெயிலக்கா விளக்கப் போனபோது, “பேருக்குத் தனியா ஒரு கம்பெனியா? ஏமாத்தறதுக்கும் ஒரு அளவில்லையா? அதை நீயே வெச்சுக்கோ,” என்று கையை உதறிவிட்டார்.

கதவு சாத்தியது போன மாதம். நீல எழுத்து நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. ‘உங்களுக்காக இன்னும் சிறப்பாக’ என்று ஒரு மெயில் வந்தது. மெயிலக்காவுக்கு அப்போதே பகீரென்றது. சிறப்பாக என்று யாராவது எழுதினால் ஏதோ நிற்கப்போகிறது என்று அர்த்தம். அன்றே வேறிடம் தேடத் தொடங்கினார். புதிதாகக் கண்டுபிடித்த ஒரு சிறு நிறுவனத்தில் தன் முகவரியைக் குடிவைத்து, மூன்று மாதச் சோதனையை ஆரம்பித்தார். நாத்தனார் கவுன்டரில் பார்த்த வெயில் மெயில் அங்கிருந்து போனதுதான். அந்தச் சோதனைக்கு அப்போது மூன்றாவது வாரம்.

நாத்தனாரிடமும் கணவரிடமும் பேசி முடித்த சற்று நேரத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. வாஷர்காரர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

“மெயில் செத்துப்போச்சும்மா.”

“எப்பலேர்ந்து?”

“காலையிலேர்ந்து. எனக்கு இன்னைக்குத்தான் பம்பு கம்பெனிக்கு விலை அனுப்பணும். அஞ்சு மணிக்குள்ள போகணும், அவங்க ‘கிடைச்சுது’ன்னு பதில் போடணும், அப்பத்தான் கணக்குல சேத்துப்பாங்க. பதிஞ்ச மெயில்லேர்ந்து மட்டும்தான் வாங்குவாங்க. கையில கொண்டுபோய்க் குடுத்தாக்கூடத் திருப்பி அனுப்பிடுவாங்க. இது போனா அடுத்த வருஷம் என் பட்டறையில பாதி மெஷினுக்கு வேலை இல்ல.”

மெயிலக்கா உள்ளே நுழையப் பார்த்தார். ‘பாதுகாப்புக்காக உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. பதிவு செய்த முகவரிக்கு அனுப்பியுள்ள எண்ணை இடவும்’ என்றது திரை. பதிவு செய்த முகவரி, நிறுத்திவைக்கப்பட்ட அதே முகவரி. உதவிக்கு அழைத்தால் சிரித்த முகம் வரைந்த ஓர் இயந்திரம் எழுத்தில் பேசியது. ‘உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது.’

“உனக்கு என்னடா புரியும், தகர டப்பா,” என்றார் மெயிலக்கா. மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினார். ‘மனிதர் என்ற தலைப்பில் எந்த உதவிக் கட்டுரையும் இல்லை’ என்றது அது. எட்டாவது முயற்சியில் ஒரு மனிதர் லைனில் வந்தார்.

“மேடம், பதிவு செஞ்ச முகவரியிலேர்ந்து எங்களுக்கு ஒரு மெயில் போடுங்க.”

“அந்த மெயில்தாங்க வேலை செய்யல.”

“சரிங்க மேடம். வேலை செய்யலைன்னு அந்த முகவரியிலேர்ந்து ஒரு மெயில் போட்டுடுங்க.”

மெயிலக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் பார்த்தார். “தம்பி, ஒருத்தன் கிணத்துல விழுந்துட்டான்னு வைங்க. மேல வந்து விழுந்துட்டேன்னு எழுதிக் குடுன்னு கேப்பீங்களா?”

“கட்டாயம் உதவறோம் மேடம். பதிவு செஞ்ச முகவரியிலேர்ந்து…”

வாஷர்காரர் இடையில் புகுந்து போனைப் பிடுங்கி, தான்தான் முதலாளி என்று கத்தினார். அதற்கும் பதில் அதேதான். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் முன்பு இல்லாத ஒரு சங்கடம். “அன்னைக்கு நீ சொன்னேல்ல, வேற முகவரி குடுங்கன்னு…”

“அதை இப்பப் பேசி என்ன சார் ஆகப்போகுது. உக்காருங்க.”

மெயிலக்கா ஜலதோஷத் தம்பியின் சொந்த எண்ணைத் தேடி எடுத்து அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அக்கா! சொல்லுங்க.” அதே மூக்கடைப்பு. “நான் அங்க இல்லக்கா. வாங்கினவங்க எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க. இப்ப ஃப்ரிட்ஜ் கம்பெனியில பதில் சொல்லிட்டிருக்கேன். ஐஸ் ஏன் உறையலன்னு கேக்கறாங்க.”

நிலைமையைச் சொன்னார்.

“அவங்ககிட்டக் கெஞ்சாதீங்கக்கா, இன்னைக்குத் திறக்க மாட்டாங்க. பேரு உங்க கையிலதானே இருக்கு? அந்தப் பேருக்கு வர்ற மெயிலை வேற இடத்துக்குத் திருப்பிடுங்க.”

“திருப்பிடலாம் தம்பி. உள்ள நாலு வருஷ மெயில் இருக்கே, அது போயிடாதா?”

“நிறுத்தின கணக்கை ஒரு மாசம் அழிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அதை எழுதச் சொல்லிச் சண்டை போட்டவன் நான்தான். அப்புறமா மெதுவா எடுத்துக்கலாம். இன்னைக்குப் பொழப்பைப் பாருங்க. லைன்ல ஐஸ் நிக்குது, வெச்சிடட்டுமா?”

போனை வைத்ததும் மெயிலக்கா உடனே எதையும் தட்டவில்லை. திருப்பலாம். எங்கே திருப்புவது? கையில் இருப்பது மூன்றே வாரம் சோதித்த இடம். மூன்று மாதம் என்ற விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. இங்கும் கவிழ்ந்தால் வாஷர்காரர் போவார், சகலை போவார், அந்த வரிசையே எழுந்து போய்விடும். அதைவிட, நம்பலாம் என்று தன் வாயால் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரைக் குடிவைப்பது அவருக்குப் பழக்கமில்லை.

“சார், உண்மையைச் சொல்லிடறேன். ஒரு இடம் இருக்கு. நான் இன்னும் அதை நம்பல.”

“ஏன், மோசமா?”

“மோசம்னு தெரியல. நல்லதுன்னும் தெரியல. என் கேள்விக்கு அங்க ஒரு பொண்ணு ‘தெரியல மேடம், கேட்டுட்டுச் சொல்றேன்’னுச்சு. கேட்டுட்டுத் திருப்பிக் கூப்பிட்டுச்சு. அவ்வளவுதான் கையில இருக்கு.”

வாஷர்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். யாரையும் நம்பாத மனிதர் பெருமூச்சு விட்டார். “நீ நம்பலைன்னு சொல்ற இடமே, மத்தவன் நம்புன்னு சொல்ற இடத்தைவிட நல்லா இருக்கும்மா. போடு.”

கணக்கு தொடங்கும்போது தொடர்பு முகவரி கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “உன் பேர்லயே போட்டுக்கோ,” என்றார் வாஷர்காரர். “வேண்டாம் சார், நாளைக்கு நான் கல்யாணம் காட்சின்னு போயிட்டா?” என்று சொல்லிவிட்டு, மெயிலக்கா நாத்தனாரின் முகவரியைத் தட்டினார்.

“அண்ணி, ஒரு நம்பர் வரும். வந்துச்சா?”

“எதுக்குடி எனக்கு நம்பர்? ஏதாவது மோசடியா? நான் பேங்க்ல வேலை பாக்கறவடி, எல்லாருக்கும் நம்பரைச் சொல்லாதீங்கன்னு போஸ்டர் ஒட்டிட்டு உக்காந்திருக்கேன்!”

“சத்தமா சொல்லாதீங்க. மெதுவா படிங்க.”

படித்தார். கணக்கு திறந்தது. பெயர் புதிய இடத்துக்குத் திரும்பியது. அந்தச் செய்தி உலகெங்கும் போய்ச்சேர நேரம் பிடிக்கும்; அதை யாராலும் விரட்ட முடியாது. கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். வாஷர்காரர் தன் கைப்பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, இழுத்து விட்டு, இழுத்து விட்டு உட்கார்ந்திருந்தார்.

“அதை நிறுத்துங்க சார், எனக்கு நரம்பு அறுந்துடும் போலிருக்கு.”

முதல் சோதனை மெயில் நாத்தனாருக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்பாமில். பம்பு கம்பெனியிலும் அப்படியே விழுந்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து பார்த்தவர், திடீரென்று தன் நெற்றியில் அறைந்துகொண்டார். இந்தப் பெயரில் மெயில் அனுப்ப இன்னாருக்குத்தான் அனுமதி என்று உலகுக்குச் சொல்லும் வரியில் பழைய நிறுவனமே இருந்தது. புதிய இடத்திலிருந்து போன மெயிலை ஆள்மாறாட்டம் என்று ஸ்பாமில் தள்ளியதில் நியாயம் இருந்தது. தினமும் பிறருக்குச் செய்கிற வேலை, அவசரத்தில் விட்டுப்போயிற்று. வரியை மாற்றினார். பொறுத்தார். மறுபடி அனுப்பினார். நாத்தனார், முன்னாடி. தம்பியின் அலுவலகம், முன்னாடி. கணவர்: “முன்னாடிதான். வண்டி பின்னாடி போகுது. பிரேக்கை மிதிங்க!”

விலைப்பட்டியல் போனது. இனி பதில் வர வேண்டும். திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார் மெயிலக்கா. வாஷர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கடிகாரத்தின் பெரிய முள் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“வந்துச்சா?” இந்த முறை கேட்டவர் வாஷர்காரர்.

மெயிலக்கா நகர்ந்து உட்கார்ந்தார். திரையில் ஒரே ஒரு வரி: ‘தங்கள் விலைப்பட்டியல் கிடைக்கப்பெற்றோம்.’

வாஷர்காரர் அதை இரண்டு முறை படித்தார். படிக்கட்டுவரை போனவர் திரும்பி, “ஏம்மா, என் சகலையோடதும் அந்தப் பழைய இடத்துலதானே இருக்கு? அவன்கிட்ட நானே சொல்றேன். அவன் யாரையும் நம்ப மாட்டான்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அறையில் ரப்பர் நெடி மட்டும் மிச்சமிருந்தது. மெயிலக்கா மேசையைப் பார்த்தார். நீல எழுத்துக் கோப்பையில் காலைத் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. விதிப்படி அது பேனாவுக்குப் போக வேண்டும். இயந்திரம் சொன்ன பொய்களையும் கணக்கில் எடுத்தால் ஜன்னலுக்கோ கழிப்பறைக்கோ போக வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு கழிப்பறை வாசல்வரை போனார். நின்றார். திரும்பி, படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கும் குழாயடிக்கு இறங்கினார். ஆறிய தேநீரைக் கொட்டினார். பாத்திரம் துலக்கும் கம்பி நாரை எடுத்து, நான்கு வருடங்களாக விரல் நுனியால் மட்டும் கழுவிய அந்த நீல எழுத்துகளின்மேல் வைத்து, ஒன்று விடாமல் தேய்த்து எடுத்தார். பிறகு வெறும் வெள்ளையாகிவிட்ட கோப்பையை அலசி, துடைத்து, மேலே கொண்டுவந்து, பிளாஸ்கிலிருந்து அதில் தேநீரை ஊற்றிக்கொண்டார்.